உங்கள் கண்ணுக்கு லேசிக் சரிவராது

மூக்குக்கண்ணாடியை நிரந்தரமாகக் கழற்றிவைத்துவிடலாம் என்ற ஆசையோடு கண் பரிசோதனைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர், "உங்கள் கண்ணுக்கு லேசிக் சரிவராது" என்ற ஒற்றை வரியைக் கேட்டுத் திரும்பி வருகிறார்கள். கலியாணத்துக்கு முன்னால் கண்ணாடியை விட்டுவிட நினைக்கும் பிள்ளைகள், விளையாட்டிலோ சீருடைப் பணியிலோ இருக்கும் இளைஞர்கள், மைனஸ் எட்டு, பத்து என்று தடித்த கண்ணாடியைச் சின்ன வயதிலிருந்தே சுமந்தவர்கள் என்று பலரும் இதில் அடக்கம். அதைக் கேட்டதும் சிலர் மனமுடைந்து அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். சிலர் "வேறு லேசர் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "ஏன் சரிவராது?" என்று கேட்பவர்கள் குறைவு. கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் அன்றாடம் ஏறி இறங்கும் சட்டத்தரணிகள், மனுவொன்று தள்ளுபடியானால் முதலில் தேடிப் படிப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான். மேன்முறையீடு செய்யலாமா, வேறு வழியில் வழக்கிடலாமா, விட்டுவிடுவதே புத்தியா என்பதெல்லாம் அந்தக் காரணத்தைப் பொறுத்தது. கண் விஷயத்திலும் அப்படியே. லேசிக் சரிவராது என்பதற்கு ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரு காரணத்துக்கு மாற்றாக அமையும் சிகிச்சை இன்னொரு காரணம் உள்ளவரின் கண்ணைக் கெடுத்துவிடவும் கூடும். ஆகவே எந்த இயந்திரம் புதியது என்று தேடுவதற்கு முன்னால், தன் கண் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை ஒருவர் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

காரணங்கள் விளங்க, லேசர் கண்ணில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் விழிவெண்படலம்தான் ஒளியை வளைத்து உள்ளே அனுப்பும் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. அதன் வளைவைச் சற்று மாற்றினால் விழித்திரையில் விழும் பிம்பம் தெளிவாகும். அப்படி மாற்றும் ஆற்றல் எக்சைமர் லேசருக்கு உண்டு என்ற கண்டுபிடிப்பில், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனின் பெயர் முன்னணியில் நிற்கிறது. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் பண்டிகை விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டொன்றின் மீது 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பட்ட இடம் மட்டும் துல்லியமாக அகன்றது. பக்கத்துத் திசு கருகவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983இல், நியூயோர்க்கைச் சேர்ந்த கண் வைத்தியர் ஸ்டீவன் ட்ரோக்கலும் ஸ்ரீனிவாசனும் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, விழிவெண்படலத்தை இந்த லேசரால் செதுக்க முடியும் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1988இல் அமெரிக்காவில் மார்கரீட் மக்டொனால்ட் என்ற வைத்தியர் பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாக இதைச் செய்தார். படலத்தின் மேற்தோலை அகற்றிவிட்டு, அதன் கீழே நேரடியாக லேசரைப் பாய்ச்சும் அந்த முறைக்குப் பி.ஆர்.கே. என்று பெயர். லேசிக் அதற்குப் பிறகு வந்தது. 1990ஆம் ஆண்டளவில் கிரேக்கத்தின் கிறீட் தீவைச் சேர்ந்த அயோனிஸ் பலிகாரிஸ் வளர்த்தெடுத்த அந்த முறையில், படலத்தின் மேற்பகுதியை ஒரு மடலாக வெட்டித் திறந்து, உள்ளே லேசர் கொடுத்து, மடலைத் திரும்ப மூடிவிடுகிறார்கள். வலி குறைவு, மறுநாளே பார்வை தெளிவு என்பதால் உலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. வெட்டி மூடிய அந்த மடல்தான் பலருக்கு லேசிக் சரிவராமல் போவதற்கும் காரணம்.

இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. விழிவெண்படலத்தின் நடுப்பகுதித் தடிப்பு அரை மில்லிமீற்றரைச் சுற்றியே இருக்கும். ஐரோப்பியர்களைப் பற்றிய நூல்கள் சுமார் 540 மைக்ரோன் என்று எழுதுகின்றன. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தென்னிந்தியர்களிடையே செய்யப்பட்ட சென்னை குளுக்கோமா ஆய்வில் சராசரி 510 மைக்ரோனைச் சுற்றியே இருந்தது. நம்மைப் போன்றவர்களின் படலம் சராசரியாகச் சற்று மெல்லியது என்பதே இதன் பொருள். குறும்பார்வைக்கு ஒவ்வொரு டயொப்டர் பவரையும் நீக்க, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஏறத்தாழ 12 மைக்ரோன் செதுக்க வேண்டும். தடிப்பு 480 மைக்ரோன், பவர் மைனஸ் எட்டு என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். செதுக்குவது 96 மைக்ரோன். மடலின் தடிப்பு 110 மைக்ரோன். மடல் மூடப்பட்டாலும் அது மறுபடி பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. எனவே கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க எஞ்சியிருப்பது 274 மைக்ரோன் மட்டும். 250க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய எல்லை. இப்போது பல வைத்தியர்கள் 300ஐயே பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறார்கள். மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்ற ஓர் அளவுகோலும் உண்டு. நமது உதாரணத்தில் அது 43 சதவீதத்தைத் தொடுகிறது. இதே கண்ணுக்குப் பி.ஆர்.கே. செய்தால் மடல் கிடையாது. அகற்றப்படும் மேற்தோல் ஏறத்தாழ 50 மைக்ரோன்தான், அதுவும் சில நாட்களில் தானாக வளர்ந்துவிடும். தாங்கும் பகுதியில் 334 மைக்ரோன் எஞ்சுகிறது. ஒரே கண், ஒரே பவர், ஒரே லேசர். மடல் ஒன்றைத் தவிர்த்ததில் அறுபது மைக்ரோன் மிச்சமாகிறது.

பி.ஆர்.கே. பழைய முறையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பழையதுதான். ஆனால் லேசிக்கையும் பி.ஆர்.கே.யையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வின்படி, லேசிக் செய்தவர்கள் சீக்கிரம் குணமாகிறார்கள், வலி குறைவாக உணர்கிறார்கள். ஓர் ஆண்டு கழிந்த பின்னரோ இரு தரப்பினரின் பார்வையும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கிறது. அதாவது பி.ஆர்.கே. கேட்கும் விலை முதல் சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. அந்த விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மூன்று நான்கு நாட்கள் கண் எரியும், நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மேற்தோல் வளரும்வரை கட்டுப்போல ஒரு கொன்டக்ட் லென்ஸ் கண்ணில் இருக்கும். பார்வை முழுமையாகத் தெளியப் பல வாரங்கள் பிடிக்கலாம். சொட்டு மருந்து மாதக்கணக்கில் தொடரும். உயர்ந்த பவர் உள்ளவர்களுக்குப் படலத்தில் மெல்லிய புகைபோன்ற மங்கல் தோன்றும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சத்திரசிகிச்சையின்போதே சில விநாடிகள் வைக்கிறார்கள். புற ஊதாக் கதிர் அந்த மங்கலைத் தூண்டக்கூடியது. கொழும்பின் வெயிலில் நடமாடுகிறவர்கள் மாதக்கணக்கில் கறுப்புக் கண்ணாடி அணிவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைச் செய்துகொள்ளும் மாணவர் கஷ்டப்படுவார். ஆனால் குத்துச்சண்டை, கராத்தே, ரக்பி விளையாடுபவருக்கோ படையில் இருப்பவருக்கோ, கண்ணில் அடிபட்டால் இடம் பெயர மடலே இல்லை என்பது பெரிய ஆறுதல். அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்கு முதலில் நாடியது பி.ஆர்.கே.யைத்தான்.

இப்போது விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் ஸ்மைல். ஜேர்மனியில் வால்டர் செக்குண்டோவும் மார்கஸ் புளூமும் உருவாக்கிய முறை இது. அமெரிக்க அரசின் அனுமதி 2016இல் கிடைத்தது. படலத்தின் உள்ளேயே லேசரால் ஒரு மெல்லிய வில்லையை வரைந்து, சில மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு துவாரத்தின் வழியாக அதை உருவி எடுத்துவிடுகிறார்கள். மடல் இல்லை. மேற்பரப்பு நரம்புகள் குறைவாகவே அறுபடுகின்றன. ஆகவே கண் வறட்சி ஓரளவு குறைவு. நல்ல முறைதான். ஆனால் இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியிருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். லேசிக்குக்குப் போதாத மெல்லிய படலத்துக்கு ஸ்மைல் ஏற்றது என்று பலர் நம்புகிறார்கள். உருவி எடுக்கும் வில்லை கிழியாமல் வரவேண்டும் என்பதற்காக அதற்கு ஒரு குறைந்தபட்சத் தடிப்பு வைக்கிறார்கள். அதனால் அதே பவருக்கு ஸ்மைல் அகற்றும் திசு லேசிக் அகற்றுவதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். மேலடுக்கு வெட்டப்படாமல் இருப்பதால் பலம் மிஞ்சுகிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பரிசோதனையில் ஏற்கெனவே சந்தேகம் காட்டிய கண்களில் ஸ்மைல் செய்து, பிறகு படலம் பிதுங்கிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மெல்லிய படலம் காரணமாக லேசிக் மறுக்கப்பட்டவருக்கு அதே இடத்தில் ஸ்மைல் உடனே முன்வைக்கப்பட்டால், எஞ்சும் தடிப்பு எத்தனை மைக்ரோன் என்று அவர் கேட்டே ஆகவேண்டும்.

கண் வறட்சிதான் காரணமென்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. நாள் முழுவதும் ஏசி அறையில் கணினித் திரையைப் பார்த்திருப்பவர்கள் பலருக்கு இது உண்டு. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், முன்பு வறட்சியின் அறிகுறியே இல்லாதவர்களில்கூட மூன்றில் ஒரு பங்கை நெருங்குவோருக்கு லேசிக் செய்து மூன்று மாதத்தில் அந்த அறிகுறிகள் தோன்றியிருந்தன. ஏற்கெனவே வறண்ட கண்ணில் நரம்பை அறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் வறட்சிக்குச் சிகிச்சை, பிறகு மறுபரிசோதனை. முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் இருந்தால் அந்த நோயைப் பார்க்கும் வைத்தியரையும் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், பவர் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் இளையவர்களும் காத்திருக்கவேண்டியவர்கள் மட்டுமே.

கெரட்டோகோனஸ் வேறு வகை. விழிவெண்படலம் பலவீனப்பட்டு, மெலிந்து, கூம்புபோல் முன்னே பிதுங்கும் நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி இருபதுகளில் வேகமெடுக்கும். மத்திய இந்தியாவின் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வொன்று, படலத்தின் வளைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டு, முப்பது வயதைக் கடந்தவர்களில் 2.3 சதவீதத்தினருக்கு இந்த நோயின் அடையாளம் இருந்ததாகச் சொன்னது. அந்த அளவுகோல் சற்றுத் தாராளமானது என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் தெற்காசியாவில் இது அரிதான நோயல்ல என்பதில் கண் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடில்லை. தொடக்கத்தில் கண்ணாடி பவர் அடிக்கடி மாறும், அதிலும் சிலிண்டர் பவர் ஏறும். வேறெதுவும் தெரியாது. படலத்தின் வளைவை வரைபடமாகக் காட்டும் ஸ்கானில்தான் அகப்படும். நோய் இருப்பது தெரியாமல் இந்தக் கண்ணுக்கு லேசிக் செய்தால், பலவீனமான படலம் மேலும் மெலிந்து பிதுங்கிவிடும். லேசிக்குக்குப் பின் இப்படி நேரலாம் என்பதைத் தியோ சைலர் என்ற வைத்தியர் 1998லேயே எழுதினார். எனவே "லேசிக் சரிவராது" என்ற வார்த்தை கெரட்டோகோனஸ் சந்தேகத்தால் வந்திருந்தால், பார்வையைக் காப்பாற்றிய பரிசோதனை அது. கண்ணாடியைக் கழற்ற வந்த பிள்ளைக்கு, கண்ணைப் பிற்காலத்தில் பாழாக்கக்கூடிய நோயொன்று ஆரம்பத்திலேயே தெரியவந்திருக்கிறது.

அப்படித் தெரியவந்தவருக்குத் தேவை, முதலில் நோயை நிறுத்துவது. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி 2003இல் அறிவிக்கப்பட்ட முறையொன்று உண்டு. ரைபோஃபிளேவின் என்னும் விற்றமின் பி2 சொட்டு மருந்தை அரை மணிநேரம் படலத்தில் ஊறவிட்டு, பிறகு அரை மணிநேரம் அளவான புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். படலத்தின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. கண்ணாடியை நீக்குவது இதன் வேலையல்ல, நோய் முன்னேறாமல் தடுப்பதே வேலை. இதற்கும் படலம் 400 மைக்ரோனாவது இருக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் உள்ளே இருக்கும் உயிரணு அடுக்கை ஒளி தாக்கிவிடக் கூடாது. அதற்கும் குறைந்த மெல்லிய கண்களைக் கைவிடாமல் வழி தேடியவர்களில் ஒருவர் சென்னை டொக்டர் அகர்வால்ஸ் கண் வைத்தியசாலையின் சூசன் ஜேக்கப். ரைபோஃபிளேவினில் ஊறிய கொன்டக்ட் லென்ஸ் ஒன்றைப் படலத்தின் மேல் வைத்துத் தடிப்பைக் கூட்டிச் செய்யும் முறையை அவர் 2014இல் வெளியிட்டார். பிதுங்கிய படலத்தைச் சமன்படுத்த, பிளாஸ்டிக் வளையத்துண்டுகளைச் செருகுவது வழக்கம். அதற்குப் பதிலாகத் தானமாகக் கிடைத்த மனிதப் படலத்திலிருந்தே வளையத்துண்டு வெட்டிச் செருகும் முறையையும் அவரே அறிமுகப்படுத்தினார். தானமாகக் கிடைக்கும் படலம் என்றால் இலங்கையர் யாருக்கும் விளங்கும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தின் மூலம் இந்நாட்டவரின் கண்கள் உலகின் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. நம் வீட்டில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சம்மதம் இன்று முழுப் படல மாற்றுக்கு மட்டுமல்ல, இத்தகைய நுண்ணிய சிகிச்சைகளுக்கும் பயன்படக்கூடியது. கெரட்டோகோனஸ் உள்ளவர் பார்வைக்கு நம்பவேண்டியது பெரும்பாலும் விசேடமாகச் செய்யப்பட்ட கடினமான கொன்டக்ட் லென்ஸைத்தான். கண்ணைத் தேய்ப்பதை நிறுத்துவதும் சிகிச்சைதான். ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் விடாமல் கசக்கித் தேய்ப்பது நோயை வேகப்படுத்துகிறது. அரிப்புக்கு மருந்து கொடுத்தால் தேய்ப்பதும் நிற்கும்.

படலம் ஆரோக்கியமாக இருந்தும் பவர் மிக உயர்ந்ததால் எந்த லேசரும் போதாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு வழி வேறு. இங்கே எதையும் செதுக்கி எடுப்பதில்லை, ஒன்றைச் சேர்க்கிறார்கள். கண்ணின் நிறமுள்ள வளையமான கதிராளிக்குப் பின்னால், இயற்கையான வில்லைக்கு முன்னால், மெல்லிய செயற்கை வில்லையொன்றை வைப்பதே ஐ.சி.எல். அமெரிக்க அனுமதி 2005இல் வந்தது. நடுவில் நுண்துளை உள்ள புதிய வடிவம் பிற நாடுகளில் 2011 முதல் புழக்கத்தில் இருந்தது, அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றது. அந்தத் துளையால் கண்ணுக்குள் நீரோட்டம் தடைப்படாது, முன்புபோலக் கதிராளியில் தனியே துளை போடவும் தேவையில்லை. இந்தியாவின் வதோதரா நகரிலும் இத்தகைய வில்லைகள் தயாராகின்றன. சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் வில்லைகள் கிடைக்கின்றன. "கண்ணாடி போடுவதற்குச் சோம்பல்பட்டுக் கண்ணுக்குள்ளேயே சத்திரசிகிச்சையா?" என்ற கேள்வி நியாயமானது. கண்ணுக்குள் நுழையும் எந்தச் சிகிச்சையிலும் தொற்று, அழுத்த உயர்வு என்ற சிறு ஆபத்துகள் உண்டு. வில்லையின் அளவு பிழைத்தால் காலப்போக்கில் கண்புரை தோன்றலாம், உள்ளடுக்கு உயிரணுக்கள் குறையலாம். அந்த உயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே படலத்துக்கும் இயற்கை வில்லைக்கும் இடைப்பட்ட முன்னறையின் ஆழம் ஏறத்தாழ 2.8 அல்லது 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், பிறகும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகும், மைனஸ் பன்னிரண்டு உள்ளவருக்கு இதுவே மிகத் தெளிவான பார்வையைத் தரக்கூடிய வழி என்பது என் கருத்து. தேவைப்பட்டால் வில்லையை வெளியே எடுத்துவிடலாம். செதுக்கிய படலத்தைத் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது. நாற்பத்தைந்தைத் தாண்டி, வெள்ளெழுத்தும் கண்புரையின் தொடக்கமும் உள்ளவருக்கு இயற்கை வில்லையையே மாற்றுவது பொருத்தமாகலாம். இளவயதில் உயர்ந்த குறும்பார்வை உள்ளவர் அதைச் செய்துகொண்டால் விழித்திரை விலகும் ஆபத்து கூடுகிறது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வாழ்ந்தால் என்ன குறை என்று கேட்டால், எந்தக் குறையும் இல்லை. மலிவானது, ஆபத்தில்லாதது, பவர் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியோடு நிற்பதும் இந்தத் தெரிவுகளில் ஒன்றே. அதை ஒரு தோல்வியாக எண்ணவேண்டியதில்லை. நான் எதிர்ப்பது வேறொரு வழக்கத்தை. ஓரிடத்தில் மறுத்ததும் வேறிடம், அங்கும் மறுத்தால் இன்னோரிடம் என்று, "செய்யலாம்" என்று சொல்லும் ஆள் கிடைக்கும்வரை தேடுவதுதான் அது. இரண்டாவது வைத்தியரின் கருத்தைக் கேட்பது நல்லது. ஆனால் முதல் இடத்தில் எடுத்த வரைபடங்களையும் தடிப்பு அளவுகளையும் கையில் கொண்டுபோய், "இவற்றைப் பார்த்தும் செய்யலாம் என்கிறீர்களா?" என்று கேட்கவேண்டும். அவற்றை மறைத்துப் போனால் கிடைப்பது இரண்டாவது கருத்தாகாது. கொன்டக்ட் லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்கு முன் அதை நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடினமானது என்றால் அதற்கும் மேல். இல்லாவிட்டால் படலம் அதன் உண்மையான வடிவத்தைக் காட்டாது, சரியான கண்ணும் மறுக்கப்படலாம், பிழையான கண்ணும் ஏற்கப்படலாம்.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கண்ணைக் காட்டச் சென்னைக்கோ மதுரைக்கோ விமானமேறும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சை அரை மணி வேலை, பின்தொடர்வுதான் நீளமானது. பி.ஆர்.கே.க்குப் பின் ஸ்டிரோயிட் சொட்டு மருந்து போடும் மாதங்களில் கண்ணழுத்தத்தை அளக்க வேண்டும். ஐ.சி.எல். வைத்தவருக்கு அந்த வில்லைக்கும் இயற்கை வில்லைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அவற்றை இங்கே கொழும்பில் செய்யப்போகும் வைத்தியர் யார் என்பது பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். இன்னொன்று: எந்த முறையில் கண்ணாடி போனாலும், உயர்ந்த குறும்பார்வையால் நீண்டுபோன கண் நீண்ட கண்ணாகவே இருக்கும். விழித்திரை கிழியும் வாய்ப்பு பவரோடு சேர்ந்து போய்விடுவதில்லை. திடீரென்று ஒளிமின்னல், கரும்புள்ளிகள் தோன்றினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். படலத்தைச் செதுக்கியவர்களின் கண்ணழுத்த அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், பிற்காலத்தில் குளுக்கோமாவுக்குச் சோதிக்கும் வைத்தியரிடம் தான் லேசர் செய்துகொண்டதைச் சொல்லத் தவறக்கூடாது. சத்திரசிகிச்சைக்கு முந்திய பவர், படலத்தின் வளைவு, தடிப்பு என்று எல்லா அளவுகளும் அடங்கிய தாளைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்புரைக்கு வில்லை வைக்கப்போகும் வைத்தியர், அதன் பவரைக் கணிக்க அந்தத் தாளைத்தான் கேட்பார்.